தெற்கே போகாத ஜக்கெற்

அந்த வருடம் ஸ்டூர்விக் ஊரின் ஜக்கெற்றுகள் எல்லாம் தெற்கே போக ஆசைப்பட்டன. முதல் பனி விழுந்த திங்கட்கிழமை காலை, மீன் தொழிற்சாலைக்குப் போகிற வழியில், பேருந்துத் தரிப்பிடத்துக்கும் தேவாலயத்துக்கும் இடையில், எங்கள் சற்குணத்தாரின் ஜக்கெற் அவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு தெருவிளக்கின் பாதி உயரத்துக்கு எழும்பியது. அவர் கையில் சோற்றுப் பெட்டியோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, காற்று ஓய்ந்ததும் மெல்ல இறங்கி, கசங்கிய தொப்பியைப் புருவத்து வெட்டுக் காயம் வரைக்கும் இழுத்துச் சரிசெய்துகொண்டு, "ஏழரையாச்சு, நடவுங்கோ" என்றார். நாங்களும் நடந்தோம். வேலைக்குப் பிந்தினால் மேற்பார்வையாளர் நாள் முழுக்க முகத்தை நீட்டிக்கொண்டிருப்பார், அந்த முகத்தைப் பார்ப்பதைவிடப் பறப்பது பெரிய விசயம் இல்லை.

ஸ்டூர்விக் நோர்வேயின் வட விளிம்பில், அதற்கு அப்பால் கடலைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் இருக்கிறது. மீன் வெட்ட ஆள் வேண்டும் என்று கேட்ட காலத்தில் ஒருவர் பின்னால் ஒருவராக வந்து பத்தொன்பது தமிழ்க் குடும்பங்கள் ஆகிவிட்டோம். கார்த்திகை கடைசியில் சூரியன் போனால் தைமாதம் பொங்கிப் படைத்துச் சில நாள் கழித்துத்தான் திரும்பி வரும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதனுக்கு வீட்டைவிட, வேலையைவிட, சில சமயம் கட்டின மனைவியைவிடவும் முக்கியமானது அவனுடைய ஜக்கெற். முழங்கால் வரை நீண்டு, மழையும் கடல் தூறலும் உள்ளே வராமல், உள்ளே வாத்தின் நெஞ்சுத் தூவி அடைத்து, தலைமூடியின் ஓரத்தில் மயிர் வைத்துத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டால் காற்று உங்களைச் சுற்றிக்கொண்டு போய்விடும், போடாவிட்டால் உங்களுக்குள்ளால் போகும்.

அவை ஏன் எழும்பின என்று ஆராய எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. புரட்டாசியில் வாத்துகளும் மற்றப் பறவைகளும் தெற்கே போனபோது ஜக்கெற்றுகள் அலுமாரிக்குள், கூறைச் சேலைகளுக்குப் பின்னால், பூச்சி உருண்டை வாசத்தோடு மடிந்து கிடந்தன. வெளியே எடுத்தபோது வானம் வெறுமையாக இருந்தது. தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று தெரிந்த எதுவும் செய்வதைத்தான் அவையும் செய்தன, பின்னால் போகப் பார்த்தன. இதற்கு மேல் அதில் விளங்க ஒன்றும் இல்லை என்று தேவராணி அக்கா சொன்னார். "வருசத்தில ஆறு மாசம் என்னை அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சிருந்தால் நானும்தான் பறப்பன்" என்றும் சொன்னார்.

ஒரு கிழமைக்குள் ஊர் பழகிவிட்டது. எல்லோரும் பைகளில் கடற்கரைக் கல்லைப் போட்டுக்கொண்டார்கள். கல் கிடைக்காதவர்கள் உறைந்த மீன் தலையைப் போட்டுக்கொண்டார்கள், கணப்புச் சூட்டில் அது உருகிய வாசம் பங்குனி வரைக்கும் போகவில்லை. ஜக்கெற்றைத் தலைகீழாகக் கொழுவவும் என்று தொழிற்சாலையில் மூன்று பாசையில் எழுதி ஒட்டினார்கள். காற்று நாளில் பிள்ளைகள் தனியாக வெளியே போகக்கூடாது என்று நகரசபை கடிதம் போட்டது. விளையாட்டு மண்டபத்தின் பின்னறையில் நாங்கள் வைத்திருக்கிற பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமைப் பூசை நடக்கிறபோது, கழற்றிய ஜக்கெற்றுகளை எல்லாம் வாசலில் குவித்து மீன்வலை போட்டு மூடினோம். வலைக்குள் அவை குசுகுசுவென்று புரண்டுகொண்டே இருந்ததில் ஐயரின் மந்திரம் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. மாடியில் காயப்போட்ட ஒரு ஜக்கெற் கொடியை அறுத்துக்கொண்டு தனியே போய்விட்டது. வெளிச்சவீட்டுக்கு மேலால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனதை ஒன்பது பேர் பார்த்தார்கள், ஒருவரும் வேலையை நிறுத்தவில்லை.

எல்லா ஜக்கெற்றும் இப்படி இழுபட்டபோது, ஒரே ஒரு ஜக்கெற் மட்டும் அசையவில்லை. அது யோகராசாவினுடையது.

யோகனைப் பற்றிச் சொல்வதென்றால் எங்கள் வழக்கம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். எங்களில் புதிதாக வருகிறவன் தன்னுடைய முதல் ஜக்கெற்றைத் தானே எடுப்பதில்லை. அவனுக்குக் குளிர் தெரியாது. கடைக்குப் போனால் நிறத்தைப் பார்ப்பான், பாரமாக இருந்தால் சூடாக இருக்கும் என்று நினைப்பான், கண்ணாடியில் வடிவாக இருக்கிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான். ஆகவே அவனைக் கூப்பிட்டெடுத்தவர் தனியாக, இங்குன் என்கிற நோர்வேக்காரியின் உடுப்புக் கடைக்குப் போவார். ஜக்கெற்றைக் கைக்குள் இறுக்கிக் கசக்கி விடுவார், எவ்வளவு கெதியில் பொம்மி எழும்புகிறது என்று பார்ப்பார். தோள் பக்கத்தில் தண்ணீர் ஊற்றுவார், மணிமணியாய் உருண்டு ஓட வேண்டும், ஊறக்கூடாது. தையலில் வாயை வைத்து ஊதுவார். எல்லாம் சரி என்றால் எடுத்து, உள்ளே தைத்திருக்கிற துணித் துண்டை, எந்தக் கம்பனி, உள்ளே என்ன அடைத்தது என்று எழுதின துண்டைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிடுவார். பரிசு கொடுக்கிறபோது விலையைக் கிழிப்பதில்லையா, அப்படி. பிறகு வந்தவனை வீட்டு நடுவில் நிற்கவைத்து, தன் கையால் போட்டுவிட்டு, முன்பக்கத்துச் சிப்பை நாடி வரைக்கும் இழுத்து, "இனி உனக்குக் குளிராது" என்பார். அப்படிப் போட்டுவிட்ட ஜக்கெற்றை யாரும் பிறகு தடவிப் பார்ப்பதோ குறை சொல்வதோ கிடையாது. போட்டுவிட்ட கையைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். இந்த வழக்கத்தை நாங்கள் மிகப் பெருமையாக வைத்திருந்தோம், முட்டாள்கள்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் சற்குணத்தார் ஒரே நாளில் இரண்டு பேரைக் கூப்பிட்டெடுத்தார். ஒருவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி வாமதேவன். மற்றவன் யோகன், பருத்தித்துறையில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வளவு. அடுத்த வளவு என்றால் சும்மா அடுத்த வளவு இல்லை. சற்குணத்தார் இங்கே மீன் வெட்டிக்கொண்டிருக்க, வாமதேவன் கொழும்பில் தடுப்புக் காவலில் இருக்க, இவர்களுடைய தாய் படுக்கையில் விழுந்தபோது ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் யோகன். அந்த மனுசி கண்ணை மூடியபோது, பிள்ளைகள் இரண்டும் வர வழியில்லாமல், மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தவனும் யோகன். அதனால்தான் அவனைக் கூப்பிட்டார். கப்பல் துறையில் இருவரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எனக்கு இனி ரெண்டு தம்பி" என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் அழுதார். நாங்களும் அழுதோம்.

அடுத்த நாள் இருவரையும் வீட்டு நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து இரண்டு ஜக்கெற் போட்டுவிட்டார். இரண்டும் கடும் நீலம், ஒரே வெட்டு, தலைமூடியில் ஒரே சாம்பல் மயிர். இரண்டு சிப்பையும் நாடி வரைக்கும் இழுத்தார், இருவருக்கும் சொன்னார், இனி உனக்குக் குளிராது.

யோகனுக்குக் குளிர்ந்தது. அடுத்த நாள் காலையே பேருந்துத் தரிப்பிடத்தில் பல்லுக் கிட்டி நின்றான். "அண்ணை, எலும்புக்குள்ளால போகுது" என்றான். சற்குணத்தார் அவன் தோளில் தட்டி, "பழகிப்போகும்" என்றார். வாமதேவன் பக்கத்தில் நின்று வேர்க்கிறது என்று கழுத்துச் சிப்பைத் திறந்துவிட்டான்.

அந்தக் குளிர் மாரி போய் அடுத்த மாரி வந்தது, பழகவில்லை. உள்ளே இரண்டு சுவெற்றர் போட்டான், அதற்குள் பேப்பரை மடித்து வைத்தான், பழகவில்லை. நாங்கள் அவனுக்கு 'வெயிலான்' என்று பட்டப்பெயர் வைத்தோம். கடலில் இருந்து காற்றுத் திரும்பினால் "வெயிலானைப் பிடியுங்கோ, விழப்போறான்" என்று சிரித்தோம், அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான், அவன் அப்படியானவன். மூன்றாவது மாரியில் படகில் இருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது உடம்பு மொத்தமும் விறைத்து, இடது கையில் இரண்டு விரல் கறுத்துப்போய், வைத்தியர் அவற்றை எடுத்துவிட்டார். வெட்டுகிற மீனை இறுக்கிப் பிடிக்க முடியாததால் பெட்டி கழுவுகிற வேலைக்கு மாற்றினார்கள். எங்களில் யாரும் ஜக்கெற்றைப் பற்றி நினைக்கவில்லை. வாமதேவனும் அதே ஜக்கெற்தானே போட்டிருக்கிறான், அவனுக்கு ஒன்றும் இல்லையே, ஆகவே யோகனுடைய இரத்தம்தான் சரியில்லை என்று முடிவு கட்டினோம், அதை அவனுக்குச் சொல்லியும் வைத்தோம். அவனும் நம்பினான். ஐந்தாம் வருடம் அவனைக் கட்டிக்கொண்டு வந்த ஜெயமலர், ஒரு மாரி முடிந்ததுமே, "இதை மாத்தி வேற ஒண்டு எடுப்பமே" என்று கேட்டதற்கு, கலியாணம் கட்டி முதல் தடவையாகக் கோபப்பட்டான். "இது சற்குணம் அண்ணை போட்டுவிட்டது. குளிருறது என்ர உடம்பின்ர பிழை" என்றான்.

குளிர் தாங்காதவனை எங்களில் யாரும் ஜக்கெற் எடுக்க விடுவதில்லை. ஜெயமலரின் சொந்தத் தம்பி வந்தபோதுகூட, யோகன் கூப்பிட்டெடுத்த பிள்ளை அது, ஜக்கெற் எடுக்கச் சற்குணத்தாரைத்தான் அனுப்பினோம். யோகன் சுவர் ஓரமாக நின்று பார்த்தான். அவனுக்கு இந்த ஊரில் பெரிய ஆசை என்று ஒன்றும் இருக்கவில்லை. ஒருத்தனுக்காவது தன் கையால் ஜக்கெற் எடுத்துப் போட்டு, இனி உனக்குக் குளிராது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை.

இப்போது பறப்புக்கு வருகிறேன். மூன்றாம் நாள், துறைமுக வளைவில், வடக்கே இருந்து காற்று ஒரு தள்ளுத் தள்ளியதில் எங்களில் மூன்று பேர் பையில் கல்லோடு எழும்பினோம். வாமதேவனின் இடுப்பு வார் யோகன் கைக்கு எட்டியது. யோகன் பிடித்தான், வாமதேவன் என்னைப் பிடித்தான், நான் மற்றவனைப் பிடித்தேன். யோகன் தரையில் அசையாமல் நின்றான். அவனுடைய ஜக்கெற் நனைந்த சாக்குப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று விட்டதும் மூன்று பேரும் அவன் காலடியில் இறங்கினோம், அவனை நிமிர்ந்து பார்த்தோம், அப்படி நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாளில் இருந்து படகுக் கயிறு கொண்டுவந்தோம். எங்கள் வீதியில் இருந்து வேலைக்குப் போகிற ஏழு பேரும் இடுப்பில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை யோகனின் இடுப்பில் கட்டினோம். கல்லை எல்லாம் வீசிவிட்டோம். அவன் முன்னால் நடப்பான், நாங்கள் அவனுக்குப் பின்னால் முழங்கால் உயரத்திலும் தலை உயரத்திலும் மிதந்து மிதந்து போவோம். மேலே இருந்துகொண்டே தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவைப் பற்றியும், ஐயருக்கு வந்த இருமலைப் பற்றியும் கதைப்போம், அவன் கீழே இருந்து பதில் சொல்வான். எங்களைப் பிடித்து வைத்தது அவனுடைய உடம்பின் பாரமா அந்த ஜக்கெற்றா என்று யாரும் கேட்கவில்லை. தேவாலயத்து மணியடிக்கிற மனிதர் தினமும் எங்களுக்குத் தொப்பியைக் கழற்றிக் கை காட்டினார்.

பிறகு ஊர் புகழத் தொடங்கியது, ஊர் ஒன்றைத் தொடங்கினால் அளவாகவா செய்யும்? யோகனின் ஜக்கெற் ஏன் பறக்கவில்லை என்பதற்கு வீட்டுக்கு ஒரு காரணம் கிடைத்தது. அவன் மனசு சுத்தம் என்றார்கள். அவன் ஒருநாளும் ஒருத்தரையும் விட்டிட்டுப் போகிறவன் இல்லை, அவன்ர உடுப்பும் அப்பிடித்தான் இருக்கும் என்று தேவராணி அக்கா சொன்னார். முதல் மரியாதையாகப் பிள்ளையாரின் காளாஞ்சி அவனுக்குக் கொடுக்கப்பட்டது. அடங்காத ஜக்கெற்றுகளைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்துத் தடவித் தரச் சொன்னார்கள். அவன் இரண்டு விரல் குறைந்த கையால் தடவி, "இறுக்கி மடிக்காதேங்கோ, கொஞ்சம் கதைச்சுப் பாருங்கோ, கேக்கும்" என்று வெட்கத்தோடு சொன்னான். பதினொரு வருடம் குளிரில் கூனிப்போன முதுகு அந்தக் கிழமைகளில் நிமிர்ந்ததை ஜெயமலர் பார்த்தாள். வெயிலான் என்ற பெயரை நாங்கள் சத்தம் இல்லாமல் கைவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து பிரசாதப் புக்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ சற்குணத்தாரிடமும் காரணம் கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "அவனுக்கு எடுக்கேக்கையே எனக்குத் தெரியும். நல்ல ஜக்கெற், நல்ல ஆளிட்டத்தான் போய்ச் சேந்திருக்கு." எல்லோரும் தலையாட்டினோம். யோகன் எழும்பிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். சற்குணத்தார் தன் தட்டில் இருந்த கடலையை எடுத்து அவன் தட்டில் போட்டார்.

அன்றைக்கே இன்னொன்றும் முடிவாயிற்று. அடுத்த சனிக்கிழமை சேந்தன் என்றொரு புது ஆள் வர இருந்தான், யாரோ ஒருவரின் ஒன்றுவிட்ட சகோதரன். அவனுக்கு ஜக்கெற்றை யோகன் எடுக்கட்டும் என்று சொன்னோம். யோகன் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி நின்றான்.

வியாழக்கிழமை பின்னேரம் முகம் கழுவி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, திருநீறு பூசிக்கொண்டு இங்குன் கடைக்குப் போனான். "பாத்து எடுங்கோ" என்று ஜெயமலர் வாசலில் நின்று சொன்னாள். "ஒருத்தனுக்குக் குளிராமல் இருக்கிறது என்ர கையில கிடக்கு, பாக்காமல் எடுப்பனே?" என்றான். கடையில் நடந்ததை இங்குன் பிறகு எங்களுக்குச் சொன்னாள். எழுபது வயதாகியும் கணக்குப் புத்தகத்தை விடத் தன் தலையை நம்புகிற பெண் அவள். யாருக்கு எந்த அளவு, எந்த வருடம் எது எடுத்தார்கள் எல்லாம் மனப்பாடம்.

அந்தக் கிழமைகளில் அவள் கடையில் கூரைக்குக் கீழே வலை கட்டியிருந்தாள். ஜக்கெற்றுகள் எல்லாம் வலையில் முதுகு முட்ட, கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தெற்குப் பக்கத்து யன்னலோடு நெருக்குப்பட்டு நின்றன. ஆட்கள் ஒரு ஏணியில் ஏறித் தெரிவுசெய்தார்கள். யோகன் ஏறினான். ஒரு கறுப்பு ஜக்கெற்றைக் கைக்குள் இறுக்கினான். விட்டதும் அது ஒரு மூச்சில் எழும்பி உள்ளங்கையை நிறைத்தது, பிறகும் நிறுத்தாமல் கையைத் தள்ளியது, உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. அவன் இன்னொன்றை இறுக்கினான், அதுவும் அப்படியே. அவன் ஏணியில் நின்றபடி தன் சொந்த ஜக்கெற்றின் முனையை எடுத்துக் கைக்குள் இறுக்கி விட்டான். அது கசங்கினபடியே கிடந்தது. பதினொரு வருடத்தில் அதை அவன் அப்படிச் சோதித்தது அதுதான் முதல் தடவை.

கீழே, கதவுக்குப் பக்கத்தில், சாதாரணக் கொழுக்கியில் நாலைந்து ஜக்கெற்றுகள் வலை இல்லாமல், கயிறு இல்லாமல், சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கடும் நீலம், சாம்பல் மயிர்.

"அவை ஏன் பறக்கவில்லை?" என்று கேட்டான்.

"அவற்றுக்குள் ஒருநாளும் பறந்தது எதுவும் இல்லை, வெறும் பொலியெஸ்டர்" என்றாள் இங்குன். "காரில் இருந்து வீட்டுக்கு நடக்கிறவர்களுக்கு அது போதும். வெளியே வேலை செய்கிறவர்களுக்கு நான் விற்பதில்லை." பிறகு அவனுடைய ஜக்கெற்றைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "உங்கள் ஊர்க்காரருக்கு இதை ஒரே ஒருதடவை விற்றேன். உயரமான மனிதர், புருவத்தில் வெட்டுக் காயம் உள்ளவர். ஒரே அளவில் இரண்டு கேட்டார், தூவி அடைத்தது ஒன்றுதான் கையிருப்பில் இருந்தது. இரண்டாவதற்கு இதை எடுத்தார். நான் சொன்னேன், நாலு நாள் பொறுத்தால் தெற்கே இருந்து கப்பலில் இன்னொன்று வரும், இதை அதோடு மாற்றித் தருகிறேன் என்று. வந்தது. பங்குனி வரைக்கும் அவருக்கென்று எடுத்து வைத்திருந்தேன், அவர் வரவில்லை. எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் இரண்டிலும் உள்ளே இருந்த துண்டை வெட்ட என்னுடைய கத்தரியைத்தான் வாங்கினார்."

யோகன் அந்தக் கத்தரியைக் கேட்டானாம். வாங்கி, தன் ஜக்கெற்றின் கீழ்மடிப்பை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டினான். வெள்ளையாக, தட்டையாக, பழைய மெத்தைக்குள் இருக்கிறதுபோல ஒரு பஞ்சு எட்டிப் பார்த்தது. ஊதிப் பார்த்தான், அசையவில்லை. அவன் அழுவான் என்று இங்குன் நினைத்தாளாம். அவன் திரும்பவும் ஏணியில் ஏறி, முக்கால் மணி நேரம் எடுத்து, ஒவ்வொன்றாய்க் கசக்கி, தண்ணீர் ஊற்றி, தையலை ஊதி, சேந்தனுக்கு மிக நல்லதாய் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதைக் கயிற்றில் கட்டி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். துண்டை வெட்டவில்லை.

ஜெயமலர் கீழ்மடிப்பைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். "தைச்சுத் தரட்டே?" என்று மட்டும் கேட்டாள். "வேண்டாம்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை எப்போதும்போல வந்தான். எப்போதும்போல ஏழு கயிற்றையும் இடுப்பில் கட்டினான். பனி விட்டிருந்தது, வடகாற்று ஒரே இழுப்பாக வீசியது, நாங்கள் அன்று வழமையைவிட உயரமாகப் போனோம், மேலே இருந்து துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. நாங்கள் ஏதோ கதை சொல்லிச் சிரித்தோம், அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். வளைவில், முதல் பாரந்தூக்கிக்குப் பக்கத்தில் நின்றான். சற்குணத்தாரின் கயிற்றை மட்டும் அவிழ்த்துக் கையில் எடுத்தான். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்கினான்.

சற்குணத்தார் எங்கள் தலைக்கு மேலால் போனார், விளக்குக் கம்பத்துக்கு மேலால் போனார், பாரந்தூக்கியின் கொக்கிக்குச் சரியாக வந்தார். "டேய் யோகன், என்ன விளையாட்டு, இழு" என்றார்.

"அண்ணை," என்றான் யோகன், சத்தம் போடாமல், ஆனால் காற்று அவன் பக்கம் இருந்து எங்கள் பக்கம் வீசியதால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது, "தெரிஞ்சுதானே எடுத்தனீங்கள்?"

சற்குணத்தார் என்ன என்று கேட்கவில்லை. எதை என்றும் கேட்கவில்லை. அதிலேயே, யோகனின் கீழ்மடிப்பில் தொங்கிய பஞ்சையும் பார்த்த எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஒண்டுதான்ரா இருந்தது" என்றார் மேலே இருந்து. "அவன் என்ர தம்பியடா."

"அம்மாவுக்குக் கொள்ளி வைக்கேக்க நான் ஆர்?"

கயிறு இறுக்கமாக நின்றது.

"நாலு நாளில இன்னொண்டு வந்ததாம்."

"நீ அதுக்குள்ள போட்டிட்டாய்" என்றார் சற்குணத்தார். "மாத்தித் தந்தால் முதல் தந்தது என்னெண்டு தெரிஞ்சு போயிடும். சபையில போட்டுவிட்டனான், எல்லாரும் பாத்தவை. பிறகு சொல்லுவம், பிறகு சொல்லுவம் எண்டு… சொல்ல ஏலாமல் போச்சு."

"நான் நடுங்கிறதை ஒவ்வொருநாளும் பாத்தனீங்கள்."

"பாத்தனான்."

"விரல் போகேக்கையும்?"

"பாத்தனான்ரா."

வாமதேவன் எனக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தான். "யோகன், சத்தியமாய் எனக்குத் தெரியாது" என்றான். நாங்கள் அதை நம்பினோம். யோகன் அவன் பக்கம் திரும்பவில்லை.

எங்களுக்கும் நாக்கு இருந்தது. வெயிலான் என்று கூப்பிட்ட நாக்கு, அவன் இரத்தம் சரியில்லை என்று அவனுக்கே சொன்ன நாக்கு. அன்று அது ஒருவர் வாயிலும் எழும்பவில்லை. கயிற்றை விடப் போகிறான் என்றுதான் நினைத்தோம். உண்மையைச் சொல்கிறேன், விட்டிருந்தால் நான் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அவன் விடவில்லை. இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்தான், ஆழக் கடலில் இருந்து தூண்டில் இழுக்கிற மாதிரி, அவசரம் இல்லாமல். சற்குணத்தார் இறங்கி அவன் முன்னால் பனியில் நின்றார். யோகன் அவருடைய ஜக்கெற்றின் சிப்பை மேலிருந்து கீழே இழுத்துத் திறந்தான், கைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினான், நோயாளிக்கு உடுப்பு மாற்றுகிறவனைப்போலப் பக்குவமாகத்தான் செய்தான். கழற்றி முடித்ததும் கையை எடுத்தான். அந்த ஜக்கெற் ஒரு தடவை பொம்மி, நிமிர்ந்து, தொழிற்சாலைக் கூரைக்கு மேலால் தெற்கே போயிற்று. அதைப் பார்த்து எங்களுடையவையும் இழுத்தன.

சற்குணத்தார் சேட்டோடு நின்றார். யோகன் தன்னுடைய ஜக்கெற்றைக் கழற்றினான். கீழ்மடிப்பில் பஞ்சு தொங்கிக்கொண்டிருந்த அந்த நீல ஜக்கெற்றை அவருக்குப் போட்டுவிட்டான், எங்கள் வழக்கப்படி, தன் கையால். சிப்பை நாடி வரைக்கும் இழுத்தான். பிறகு தன் இடுப்பில் இருந்த ஆறு கயிற்றையும் அவிழ்த்து அவருடைய இடுப்பில் ஒவ்வொன்றாய் முடிச்சுப் போட்டான். இரண்டு விரல் இல்லாத கையால் முடிச்சுப் போட நேரம் எடுத்தது, நாங்கள் பொறுமையாக மேலே நின்றோம். அந்த ஜக்கெற் எங்கள் ஆறு பேரையும் அசையாமல் பிடித்தது.

காற்று வளைவைத் தாண்டி வந்தது. சற்குணத்தாரின் நாடி ஆடத் தொடங்கியது. அறுபது வயதில், இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடத்தில், முதல் தடவையாகக் கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்.

"யோகன்," என்றார், "குளிருதடா."

"பழகிப்போகும், அண்ணை" என்றான் யோகன்.

அவன் சுவெற்றரோடு தொழிற்சாலைப் பக்கம் நடந்தான். பத்து அடி போனதும் நின்று, தன் இரண்டு தோளையும் தடவிப் பார்த்தான். ஜக்கெற் இல்லாமல் நிற்கிற குளிர் இத்தனை வருடமும் ஜக்கெற்றோடு நின்ற குளிரைவிட ஒரு துளிகூடக் கூடுதலாக இல்லை என்று அந்த இடத்தில்தான் அவனுக்குத் தெரிந்தது. அதன் பிறகுதான் அழுதான், பிள்ளைகள் அழுகிற மாதிரி வாயைத் திறந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எங்களுக்கு ஓடிப் போய் அவனைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் எங்கள் கயிறுகள் எல்லாம் சற்குணத்தாரோடு கட்டியிருந்தன.